பதினெட்டில் ஏழாவது

அத்தியாயம் பதினொன்று

பசியாவரத்திலிருந்து பழவேற்காட்டுக் கரைக்குத் தோணியில் வர அதிக நேரம் ஆகாது. வந்த நேரம் முழுக்க அண்ணன் தம்பி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி கண்ணப்பன் பின்னால் நின்று கழி ஊன்றினான். அண்ணன் கங்காதரன் நடுவில் உட்கார்ந்து, மடியிலிருந்த துணிச் சுருளைத் தண்ணீர் தெறிக்காமல் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தான். துணிக்குள் இருந்தது ஊர் மனு.

அவர்களுடைய தகப்பனார் சுப்பராயலு இறந்து அன்று ஒன்பதாம் நாள். தீட்டு கழியும் வரை வலையைத் தொடக்கூடாது. கழியைத் தொடலாம்.

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. ஆனால் ஊர் இங்கிலீஷ்காரர்களுக்குக் கைமாறப் போவது உறுதியாகிவிட்டது. புதிதாக வந்திருந்த இங்கிலீஷ் துரை போட்ட முதல் தாக்கீது மீனவர்களுக்குத்தான். ஏரியில் எந்த இடம் யாருடையது என்பதை இங்கிலீஷில் எழுதி, இன்று மாலைக்குள் துரையின் அலுவலகமான கச்சேரியில் கொடுக்க வேண்டும். அதில் இல்லாதவர்களுக்கு உரிமை இல்லை.

பசியாவரத்தார் கேட்கும் இடம் ஒன்றே ஒன்று. முகத்துவாரத்துக்கு உள்ளே இறால் ஏறும் வழி. அங்கே எல்லாரும் ஒரே நாளில் சுத்து வலை கட்ட இடம் போதாது. அதனால் பதினெட்டுக் குடும்பங்கள் நாளுக்கு ஒரு குடும்பமாக முறை வைத்து இறங்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு வீட்டார் இறங்காவிட்டால் அந்த நாள் அடுத்த வீட்டுக்குப் போகும். சுப்பராயலு வீட்டுப் பாடு ஏழாவது.

முந்தின நாள் கங்காதரன் காகிதத்தை மணலில் விரித்து மை காயவைத்திருந்தபோது கண்ணப்பன் பார்த்துவிட்டான். அவனுக்கு எழுத்து தெரியாது. எண்ணத் தெரியும். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினேழு வரி இருந்தது. ஆறாவதற்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு விரல் அகலம் வெறும் காகிதம்.

கரை தட்டியதும் கண்ணப்பன் கேட்டுவிட்டான்.

"ஏழாவது எடம் காலியா கீதே அண்ணே."

"தெரியும்."

"நைனா பேரு எங்க?"

"செத்தவங்க பேருல உரிமை கேட்டா துரை ஒத்துக்க மாட்டாரு."

"அப்ப யாரு பேரு?"

கங்காதரன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். "தோணிய இழுத்துக் கட்டு. நேரமாவுது."

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு ஊரில் பதில் கிடையாது. பதினாறாம் நாள் காரியத்தில் செத்தவனின் மகன் தலையில் உருமால் கட்டுவார்கள். எந்தத் தலையில் உருமாலோ அந்தத் தலைக்குப் பாடு. நடுவில் இருக்கும் பதினைந்து நாளும் அந்த வீட்டுக்குப் பெயர் இல்லை. அந்த நாட்களில் பெயரைச் சொல்லச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது ஒரு காகிதம் கேட்கிறது.

உருமால் மூத்தவனுக்குத்தான் வழக்கம். மூத்தவன் கங்காதரன் வலை தொட்டுப் பத்து வருஷம் ஆகிறது. துரைகளுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி ஒருவரிடம் எடுபிடியாகப் போனவன், அங்கே இங்கிலீஷ் எழுதக் கற்றுக்கொண்டு திரும்பினான். அந்தப் பத்து வருஷமும் ஏழாவது பாடு வரும்போதெல்லாம் தகப்பனோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றது கண்ணப்பன்.

போதாததற்கு, ஊர்ப் பெரியதனக்காரர் தேசப்பன் கங்காதரனுக்கு மாமனார். அவருடைய வீட்டுப் பாடு எட்டாவது.

ஏழு காலியானால் எட்டு இரண்டு நாள் இறங்கும். இதைக் கணக்குப் பார்க்க எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கச்சேரி, ஒல்லாந்தர் கட்டிய பழைய வீடு ஒன்றில் இருந்தது. ஆள் உயரத்துக்குச் சன்னல். கண்ணப்பன் அதன் வெளிப்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான்.

உள்ளே குமாஸ்தா அந்தோணிசாமி மனுவைத் தூக்கிப் பிடித்துப் படித்தான். அவனுக்கும் கங்காதரனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. துபாஷியிடம் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

"இன்னா கங்காதரா, மொத வரியிலயே ஊர மூட்ட கட்டி வச்சிட்ட?"

"எங்க?"

"பசியாவரத்து பீப்பிள்னு போட்டுக்கிறியே. பெர்சன்ஸ்னு போடு."

"ரெண்டும் சனங்கதானே?"

"ரெண்டும் சனங்கதான். பீப்பிள்னா மொத்தமா ஊரு. யாரு உள்ள, யாரு வெளியனு பிரிச்சுக் கேக்க முடியாது. பெர்சன்ஸ்னா தல தலையா எண்ணினது. பேச்சுல பீப்பிள்னே சொல்லலாம், தப்பில்ல. கச்சேரிக் காகிதத்துல ஆளப் புடிச்சுக் கேக்கறதுன்னா பெர்சன்ஸ்தான். கீழ பேரு பேரா எழுதிக்கினு மேல இன்னாத்துக்கு பீப்பிள்?"

கங்காதரன் கொஞ்சம் யோசித்தான். "நாங்க இறாலைக் கூறு வச்சுப் போடுவோம். கொடுவாவை எண்ணிக் குடுப்போம். அது மாதிரியா?"

"அதேதான். உங்க ஊர இறாலா வைக்கப் போறியா, கொடுவாவா வைக்கப் போறியா? சொல்லு, சாப்பாட்டு வேள வந்துரும்."

கங்காதரன் பேனாவைத் தொட்டு முதல் சொல்லை அடித்தான். மேலே இரண்டாவதை எழுதினான். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அதையும் அடித்து, முதலில் இருந்ததையே மறுபடி எழுதினான்.

"பைத்தியமாடா நீ?" என்றான் அந்தோணிசாமி.

"இரு. பீப்பிள்னே இருந்தா பேரு வரிச வேணாம் இல்ல? காலி எடமும் இல்ல. ஊர்ல எல்லாரும் அடக்கம்."

"எல்லாரும் அடக்கம். நாளைக்கு உப்பளத்துக்காரன் உங்க மேட்டுல பத்து குடிசை போட்டான்னு வை. அவனும் பசியாவரத்து பீப்பிள்தான். வலையத் தூக்கிக்கினு வருவான். உன் மாமனாரு பாடு கீடுன்னு போய் நிப்பாரு. துரை காகிதத்தக் காட்டுவாரு."

கங்காதரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மூன்றாம் முறையாக அடித்தான். இந்த முறை எழுதிய சொல்லை அடிக்கவில்லை.

"அடுத்த வரியில ஃபிஷஸ்னு வேற. எத்தன மீனா இருந்தாலும் ஃபிஷ்தான்டா. சாதி சாதியா சொல்றதுக்குத்தான் ஃபிஷஸ்."

"சாதி சாதியாத்தான் சொல்றேன். மடவை, கொடுவா, கெளுத்தி எல்லாம். இறாலைத் தனியா எழுதிக்கிறேன். அது மட்டும்தான் உங்களுதுன்னு பின்னால சொல்லிடக் கூடாது பாரு."

"அப்ப இருந்துட்டுப் போவுது. பொழைச்சுக்குவே."

அந்தோணிசாமி சிரித்தான். பிறகு குனிந்து குரலைத் தணித்தான். "அந்தச் சங்கதி துரை காதுல போட்டாச்சு. சரின்னுட்டாரு."

"மெதுவா பேசுடா," என்று கங்காதரன் சன்னல் பக்கம் பார்த்தான்.

கண்ணப்பன் தலையை இழுத்துக்கொண்டான். அவர்கள் பேசியதில் பாதி அவனுக்குப் புரியவில்லை. புரிந்தது மூன்று. அண்ணன் மூன்று தடவை எதையோ அடித்தான். காலி இடம் காலியாகவே இருக்கிறது. தனக்குத் தெரியக்கூடாத சங்கதி ஒன்று துரை வரைக்கும் போயிருக்கிறது.

அவன் நேராகக் கரைக்குப் போய்த் தோணியை அவிழ்த்தான்.

பசியாவரத்தில் தேசப்பன் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கண்ணப்பன் வேகமாக வருவதைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"இன்னாடா, அண்ணன அங்க வுட்டுட்டு நீ மட்டும்?"

"ஏழாவது எடத்துல ஏன் மாமா பேரு இல்ல?"

"உருமா கட்டாத தலைக்கு ஏதுடா பேரு? இன்னும் ஏழு நாள் கீது."

"காகிதம் இன்னிக்குப் போவுது."

"போவட்டும். வீட்ல தீட்ட வச்சுக்கினு பாடு வரிசையில பேரு சொன்னா ஊருக்கு ஆவாது. முகத்துவாரம் அடைச்சுக்கிச்சுன்னா நீயா தோண்டப் போறே?"

"காரியம் முடிஞ்சு போனா துரை சேத்துக்குவாரா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா இன்னா மாமா அர்த்தம்?"

தேசப்பன் இப்போது நிமிர்ந்தார். "கண்ணப்பா, பதினேழு பேருக்கும் நான் கைநாட்டு வச்சுக் குடுத்துட்டேன். உங்க அண்ணனும் சரின்னான். எங்கிட்ட குதிக்கறத அவன்கிட்ட குதி."

அண்ணன் சரி என்றானா? கண்ணப்பன் சட்டென்று திரும்பினான். வீட்டுக்கு நடந்தான்.

அம்மா குப்பம்மாள் பின்பக்கம் பானை கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டு முடிக்கும் வரை தலையைத் தூக்கவில்லை.

"எடம் வுடச் சொன்னது நான்தான்டா," என்றாள்.

"நீயா?"

"பெரியதனம் இங்கதான் வந்து உக்காந்துகினு, பதினேழையும் நெருக்கி எழுதுன்னாரு. உங்க அண்ணனும் தலைய ஆட்டினான். அவரு போனதும் நான்தான் சொன்னேன், ஒரு வெரலாவது வுடுடான்னு. வேற காகிதத்துல எழுதினான்."

"அவரு கைநாட்டு?"

"அப்புறம்தான் வாங்கினான். அவருக்கு எண்ணத்தான தெரியும்? பதினேழு வரி கீதான்னு எண்ணினாரு. வச்சுட்டாரு."

"எடம் வுட்டாச்சு. யாரு பேர எழுதுவானாம்?"

குப்பம்மாள் பானையைக் கவிழ்த்து வைத்தாள். "அதையும் கேட்டேன். வாயத் தொறக்கல. ரெண்டு பேரும் என் வயித்துல பொறந்ததுதான். ஆனா பெரியவன் இன்னா நெனைக்கறான்னு எனக்கே தெரியலடா. எழுத்து கத்துக்கினு வந்ததுலேர்ந்து எது கேட்டாலும் பதில உள்ளயே வச்சுக்கிறான்."

"பொண்டாட்டி பக்கம் சாஞ்சுட்டான்."

"கோவிந்தம்மாவ இதுல இழுக்காத. காலையிலேர்ந்து அவ ஒரு பக்கமா உக்காந்து அழுதுகினு கிறா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்றா."

அண்ணி ஏன் அழ வேண்டும்? கண்ணப்பன் அந்தக் கேள்வியோடுதான் திரும்பத் தோணி ஏறினான்.

அவன் கச்சேரிக்கு ஓடி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மனுக்களைக் கட்டி எடுத்துப்போகும் படகு நீர் ஏற்றம் பார்த்துப் புறப்படக் காத்திருந்தது. வாசலில் நின்ற சேவகன் தடுப்பதற்குள் உள்ளே நுழைந்துவிட்டான்.

கங்காதரன் பேனாவைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். ஆறாவது வரிக்குக் கீழே வெறும் காகிதம் இல்லை. அங்கே ஈர மை மின்னியது.

"இன்னா எழுதினே?"

"உன் பேரு."

"நீ சொல்றே."

"கண்ணப்பா..."

"நீ சொல்ல வேணாம்." கண்ணப்பன் அந்தோணிசாமி பக்கம் திரும்பினான். "நீ படி. மொதல்லேர்ந்து. ஒண்ணு வுடாம."

"அடேய், பதினெட்டுப் பேரையுமா? படகு நிக்குது."

"நிக்கட்டும்."

அந்தோணிசாமி கங்காதரனைப் பார்த்தான். கங்காதரன் காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான். அந்தோணிசாமி விரலை வரியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தான். கண்ணப்பன் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். ஊரில் எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்று அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். குப்பன். கோபால். எல்லாம் முறைப்படி வந்தது. ஆறாவது தருமன்.

"ஏழு. கண்ணப்பன், சுப்பராயலு மகன்."

கண்ணப்பனின் விரல் மடங்காமல் நின்றது.

"எட்டு. தேசப்பன்," என்று அந்தோணிசாமி தொடர்ந்தான். பதினெட்டையும் படித்து முடித்தான். "ஆச்சா? மையத் தொடாத, ஈரம்."

கண்ணப்பன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெயர்களுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. மணலில் காய்ந்தபோது அது இல்லை.

"இது இன்னா?"

அந்தோணிசாமி பேனாவைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இதப் படிக்கலியே நீ?"

"படிச்சுக் காட்டு," என்றான் கங்காதரன்.

அந்தோணிசாமி தொண்டையைச் செருமினான். "மேலே கண்ட பெர்சன்ஸ் சொன்னபடி இந்த மனுவை எழுதினவன் கங்காதரன், இந்தக் கச்சேரி குமாஸ்தா. அந்தப் பெர்சன்ஸில் நான் ஒருவன் அல்ல. இந்த உரிமையில் எனக்கும் என் சந்ததிக்கும் பங்கு இல்லை."

"குமாஸ்தாவா?"

"இன்னியிலேர்ந்து," என்றான் அந்தோணிசாமி. "கச்சேரி ஆளுக்கு மனுவுல பங்கு இருக்கக்கூடாது. துரை உத்தரவு."

கண்ணப்பன் அண்ணனைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் சந்தேகப்பட்டது பொய் இல்லை. அண்ணன் மறைத்தது உண்மை. துரை வரைக்கும் சங்கதி போனதும் உண்மை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதுதான் வேறாக இருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும் உனுக்கு?"

"மூணு நாளா."

"அம்மாவுக்கு?"

"தெரியாது. கோவிந்தம்மாவுக்குக் காலையிலதான் சொன்னேன்."

அந்தோணிசாமி மனுவில் மணலைத் தூவி உதறி, கச்சேரிக்கென்று பெயர்களை மட்டும் நகல் எடுத்துவைத்துக்கொண்டு, சுருட்டிக் கட்டிச் சேவகன் கையில் கொடுத்தான். சேவகன் படகுத் துறைக்கு ஓடினான்.

அண்ணன் தம்பி இருவரும் துறை ஓரத்தில் உட்கார்ந்து, மனுக்கள் ஏறிய படகு தெற்கே திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கண்ணுக்கு மறைந்த பிறகும் கண்ணப்பன் எழுந்திருக்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தோணியில் ஏறி, கரையிலிருந்து நன்றாக விலகிய பிறகுதான் கேட்டான்.

"இந்த வேலைக்கு உன்ன யாரு சொன்னது?"

"மாமா."

கழி தண்ணீரில் நின்றது. "தேசப்பன் மாமாவா?"

"அவருதான் துரையோட ஆளப் போய்ப் பாத்தாரு. மக கோட்டைப் பக்கம் வந்து நல்லா இருக்கட்டும்னாரு."

"நீ கச்சேரிக்குப் போனா உனுக்குப் பாடு இல்ல. எனுக்கு உருமா இல்ல. பதினேழையும் நெருக்கி எழுதச் சொன்னதும் அவருதான். அண்ணே, இது உனுக்குத் தோணவே இல்லியா?"

"தோணுச்சு."

"தோணியுமா தலைய ஆட்டினே?"

"காலையில என் மேல சந்தேகப்பட்டே. இப்ப அவரு மேல சந்தேகப்படறே. அவரு நெசமாவே மகளுக்காகத்தான் போயிருந்தா?"

"நெசமா போயிருந்தா ஏன் நெருக்கி எழுதச் சொன்னாரு?"

கங்காதரன் கையை ஏரியில் விட்டு விரலில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் சொன்னான்: "அவரு கைநாட்டு வச்சப்ப பதினேழுதான். நான் ஏமாத்திட்டேன்டா. அதையும் சேத்துக்க."

பசியாவரத்துக் கரையில் தேசப்பன் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். தோணி நெருங்கியதும் முன் முனையைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"குடுத்தாச்சா மாப்ளே?"

"ஆச்சு மாமா," என்றான் கங்காதரன்.

"பதினேழுதானே?"

கங்காதரன் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து கண்ணப்பன் குரல் வந்தது.

"பதினேழுதான் மாமா."

தேசப்பன் தோணியை விடவில்லை.

"நீங்க துறையில உக்காந்து காத்து வாங்கினு இருந்தப்ப கச்சேரி சேவகன் வேற தோணியில வந்துட்டுப் போனான். பதினெட்டுப் பேரும் காலையில துரை முன்னால வந்து நிக்கணுமாம். பேரு கூப்ட்டு, ஆளப் பாத்துத்தான் உரிமை குடுப்பாராம். ஒரு தலை கொறஞ்சாலும் மொத்த மனுவும் தள்ளுபடியாம்." அவர் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையை நகர்த்தினார். "ஏழாவதா யாருடா நிக்கப் போறது?"

கரையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தருமனும் குப்பனும் அவர்களில் இருந்தார்கள்.

கண்ணப்பன் கழியைத் தோணிக்குள் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். பெரியதனக்காரருக்கு நேராக வந்து நின்றான். அவன் தலையில் இன்னும் உருமால் இல்லை.

"நான்தான்," என்றான். "தீட்டோடதான் வருவேன். ஊரு வேணாம்னா இப்பவே சொல்லட்டும்."

தேசப்பன் கரைப்பக்கம் திரும்பி, வேண்டாம் என்று சொல்ல ஒரு வாயாவது கிடைக்குமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டவன் தருமன்.